பூஞ்சை வண்டு எந்த மூட்டைக்குப் போகும்?

1

இந்தக் கதை இரண்டு வரியிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு வண்டு இருக்கிறது, பூஞ்சை தின்கிறது. இணையத்தில் எவ்வளவு தேடியும் அதற்கு மேல் எனக்குக் கிடைக்கவில்லை. விலங்கியல் படித்தவள் என்பதால் பாவமாக இருந்தது. அந்த வண்டுக்கு ஒரு கதையாவது கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

"காங்கோ காட்டில் அன்று விடாமல் மழை பெய்து—"

(நான் விழுப்புரத்தைத் தாண்டிப் போனதே குறைவு. காங்கோ வரியை அடித்துவிட்டேன்.)

2

வண்டே இங்கு வரட்டும். ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டை மூட்டையில் ஒளிந்து, திண்டிவனத்தில் காஜா மொய்தீன் பாயின் கிடங்கில் இறங்குகிறது. கொட்டை உடைக்கும் கோவிந்தம்மாள் பார்த்துவிடுகிறார்.

"பாய், பூச்சி! சரக்கு பூரா போச்சு!"

"பேஜாரா போச்சே! லாரிய கூப்புட்றேன். லோடு மொத்தமும் ஏஜெண்டுக்கே திரும்பட்டும்."

"திருப்பிட்டா பொங்கல் வரைக்கும் நாங்க இன்னா பண்றது?"

3

இங்கே ஆர்த்தி வேண்டும். கிடங்கில் தரம் பார்ப்பவள். இந்த வண்டு கொட்டையைத் தொடாது, ஈரத்தில் படர்ந்த பூஞ்சையைத்தான் தின்னும் என்று அறிந்தவள். கப்பலில் ஏதோ ஒரு மூட்டை நனைந்திருக்கிறது. அதை எடுத்தால் மற்றவை தப்பும், கோவிந்தம்மாளின் வேலையும் தப்பும். ஆனால் இவள் வாயைத் திறந்தால்தானே?

"பாய், அது வந்து—"

"பாய்—"

(அடுத்த வரைவில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.)

துணிச்சல்காரியாக மாற்றிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆகவே வாய்க்குப் பதில் அவள் கைக்கு வேலை கொடுத்தேன். வண்டைத் தீப்பெட்டியில் பிடித்து, மூட்டைகளுக்கு நடுவே தரையில் விடுகிறாள்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கே?"

"இது பூசணம் தின்ற வண்டு பாய். எந்த மூட்ட ஈரம்னு இதுவே காட்டும். அது வரைக்கும் லாரிய கூப்புடாதீங்க."

(இதை நான் எழுதவில்லை. அவளே பேசிவிட்டாள்.)

பாய் லுங்கியை மடித்துக் குந்துகிறார். "என் கிடங்குக்கு ஒரு பூச்சி ஆபீசரா!"

"சும்மா இருங்க பாய், நகருது!" என்கிறாள் ஆர்த்தி.

4

முடிவு அ: சுவரோர மூட்டைக்குப் போகிறது. பிரித்தால் உள்ளே வெள்ளையாகப் பூசணம்.

முடிவு ஆ: கோவிந்தம்மாளின் தூக்குவாளியில் ஏறுகிறது. "ஏய், என் கேப்பக் கூழு காலையில காய்ச்சுனதுடி!"

முடிவு இ: கடலோரம் பொம்மையார்பாளையம் பக்கம் பறந்து—

வேண்டாம். வண்டு இன்னும் நடுவில்தான் நிற்கிறது, உணர்கொம்புகளை ஆட்டிக்கொண்டு. பாயின் கட்டைவிரல் லாரிக்காரரின் எண் மேல் இருக்கிறது. கோவிந்தம்மாள் மூச்சைப் பிடித்திருக்கிறார். ஆர்த்தி தன் பங்கைப் பேசி முடித்துவிட்டாள். இப்போது எல்லோரும் உங்களைப் பார்க்கிறார்கள்.

கூச்சப்படாமல் சொல்லுங்கள். எந்த மூட்டை?