கூஜாவில் ஊறிய நொதி

அன்று வீட்டில் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற நீதிபதியான அப்பா, அம்மா, மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன், ஆராய்ச்சி மாணவியான சின்னவள். வேறு யாரும் இல்லை. கண்ணால் பார்த்ததாகப் பின்னால் பலர் கிளம்பியதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இறால் ஓட்டைக் கெட்டியாக்கும் கைட்டின் என்ற பொருளைக் கரைக்கும் நொதியை மண் பாக்டீரியாவிலிருந்து சின்னவள் பிரித்தெடுத்திருந்தாள். ஒரு வருட உழைப்பு. உப்புப் போட்டுப் படியவைத்தாயிற்று. இனி உப்பு வெளியேற, நொதியை வெளியே விடாத சவ்வுப் பையில் அதைக் கட்டிக் குளிர்ந்த கரைசலில் ஊறவிட வேண்டும். ஆய்வகக் குளிர்சாதனம் காலை வாரிவிட, மூடி போட்ட கூஜாவோடு வீட்டு பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தாள். 'தொடாதீர்கள்' என்று சீட்டும் ஒட்டினாள்.

அப்பா அதைப் பிய்த்துப் போட்டார்.

"சீட்டு ஒட்டுறது ஹாஸ்டல் பழக்கம். நம்ம வீட்டுல யாருக்கு யார்மேல சந்தேகம்?"

"சந்தேகம் இல்லப்பா, பயம்."

"யாரும் தொட மாட்டாங்க. நான் சொல்றேன்ல."

மறுநாள் காலையில் கூஜா விளிம்புவரை நிறைந்திருந்தது. அவள் ஊற்றியது முக்கால்தான். குடித்தவர் நிரப்பி வைப்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் அப்பா. சின்னவள் உள்ளிருந்த பையைத் தூக்கிப் பார்த்தாள். பச்சைத் தண்ணீரில் நொதி உயிரோடு இருக்குமா?

"யார் குடிச்சது?"

அம்மா உதட்டைப் பிதுக்கினாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரும் குடிச்சிருக்க மாட்டாங்கம்மா. வாயில வைக்க முடியாத கரிப்பு."

"கரிக்கும்னு உங்களுக்கு யாருப்பா சொன்னா?" என்றான் அண்ணன்.



"தாகமா இருந்துச்சு," என்றார் நீதிபதி.

"வயிறு கொஞ்சம் கலக்கும், அவ்வளவுதான்," என்று அண்ணன் தீர்ப்பைப் படித்தான்.

சின்னவள் பையோடு ஆய்வகத்துக்கு ஓடினாள். கைட்டின் கலந்து பால்போல வெளுத்திருந்த தட்டில் பையிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். அன்று முழுக்க அப்பா போனைப் பார்த்தபடியே இருந்தார். அடுத்த நாள் படம் வந்தது: வெண்மைக்கு நடுவே, கண்ணாடிபோலத் தெளிந்த வட்டம். நொதி உயிரோடு இருந்தது.

"உப்புப் போகத் தண்ணி மாத்தணும்னு நீதானே சொன்னே?" என்றார் அவள் வீடு திரும்பியதும்.

"கரைசலை மாத்தணும்பா. குடிதண்ணிய ஊத்தணும்னு சொல்லலை."

மாலையில், பை மறுபடி ஊறிய கூஜாவின் மேல் 'தொடாதீர்கள்' என்று புதுச் சீட்டு இருந்தது. கையெழுத்து அப்பாவுடையது.

தெருவில் பேசிக்கொள்வதுபோல நீதிபதி நொதியைக் குடிக்கவில்லை. நொதி பைக்குள் பத்திரமாக இருந்தது. அவர் குடித்தது வெளிக் கரைசல். அதுவும் அரை டம்ளர்தான்.