கலையாத வெள்ளை

1973 ஐப்பசியில் மயிலாடும்பாறை துணை சுகாதார நிலையத்தில் ஜெபமணி என்ற நர்ஸ் இருந்தாள். தேனி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள். வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சோதனைக் குழாயில் தெரிந்ததைக் கொஞ்ச நாளாக அவள் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதிப்பது அவள் அன்றாடம் செய்கிற வேலைதான். குழாயில் முக்கால் பங்கு எடுத்து மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டவேண்டும். கொதிக்கும்போது மேலே பால்போல வெளுத்தால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கெடுதல் எதுவும் செய்யாத சுண்ணச் சத்து. இன்னொன்று ஆல்புமின். ரத்தத்தில் இருக்கவேண்டிய சத்து சிறுநீரில் ஒழுகிப் போவது. நிறைமாதப் பெண்ணுக்கு அது ஜன்னியில், கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பில், கொண்டுபோய் விடும். எதுவென்று தெரிய அசிட்டிக் ஆசிட் இரண்டு சொட்டு விட்டால் போதும். சுண்ணச் சத்து கரைந்து தண்ணீர் தெளிந்துவிடும். ஆல்புமின் கலையாது.

ஆவணியில் பவுனு என்ற பெண்ணைச் சோதித்த அன்று ஆசிட் பாட்டில் காலியாக இருந்தது. வெளியே கூட்டம். ஜெபமணி வெள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் ஆல்புமின் என்று எழுதி, உடனே தேனி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டாள். கடலை பிடுங்கும் நேரத்தில் வீடே கிளம்பிப் போனது. அங்கே இரண்டு முறை சோதித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் பவுனு வீட்டிலேயே சுகமாக ஆண் பிள்ளை பெற்றாள். நர்ஸம்மா மூத்திரத்தைச் சுடவைத்துப் பார்த்து ஊரை விரட்டுகிறார் என்று பெண்கள் பேசிச் சிரித்தார்கள். காலிப் பாட்டிலைப் பற்றி ஜெபமணி ஒருவரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தாள்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை காலையில் பவுனு கைப்பிள்ளையோடு வந்தாள். கூடவே அவள் கொழுந்தன் கர்ணனின் மனைவி இருளம்மாள். தலைப்பிரசவம், எட்டாம் மாதம். தலைவலிக்கு மாத்திரை கேட்டுத்தான் வந்திருந்தார்கள்.

இருளம்மாளின் முகம் உப்பி, கண் இடுங்கிக் கிடந்தது. மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே ஜெபமணி கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. வேறென்ன செய்கிறது என்று கேட்டதற்கு, காலையிலிருந்து கண் முன்னால் மினுக்மினுக்கென்று பூச்சி பறக்கிறது என்றாள்.

ஜெபமணி குழாயை விளக்கில் காட்டினாள். கொதி வருமுன்பே மேலே வெளுத்தது. இரண்டு சொட்டு ஆசிட் விட்டாள். கலையவில்லை. இன்னும் இரண்டு சொட்டு. வெள்ளை திரண்டு, அவித்த முட்டைபோல அடியில் இறங்கியது.

முதலில் அவள் நம்ப மறுத்தாள். வெள்ளைப்படுதல் கலந்திருந்தால்கூட இப்படிக் காட்டும். இருளம்மாளைச் சுத்தமாகக் கழுவிக்கொள்ளச் சொல்லி, வெந்நீரில் அலசிய பாட்டில் கொடுத்து மறுபடி வாங்கினாள். அப்போதும் அதேதான். மூன்றாவது முறை குழாயை மாற்றிச் சோதித்தாள். கலைந்துவிடு, கலைந்துவிடு என்று மனசுக்குள் ஜெபித்தபடி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலையவில்லை. டாக்டர் வருவது செவ்வாயும் வெள்ளியும்தான். பிரஷர் பார்க்கிற கருவியும் அவரிடம்தான்.

தேனிக்குப் போகவேண்டும் என்றதும் பவுனு சிரித்தாள். “எனக்கும் இப்படித்தான் சொன்னீக. இவளையும் அலைய விடணுமா? மாத்திரையக் குடுங்க, போறோம்.” இருளம்மாளும் எழுந்துவிட்டாள்.

 இவர்களை இப்போது விட்டால் சாயங்காலத்துக்குள் என்ன நடக்கும் என்று ஜெபமணி புத்தகத்தில் படித்திருந்தாள். கண்ணால் கண்டதில்லை. அவள் கதவை மறித்து நின்றாள்.

“பவுனு, அன்னைக்கு உனக்கு ஒண்ணுமே இல்ல. தப்பு என்னுது. ஆசிட் தீந்து போச்சு, அதை விடாமலே எழுதிட்டேன். உன்கிட்ட மறைச்சுட்டேன். இன்னைக்கு மூணு தடவை விட்டுப் பாத்தாச்சு. இது நெசம். இவளுக்கு ஜன்னி வரும்.”

 பவுனு பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். “அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன?” என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. கர்ணனைக் கூப்பிட ஆற்றோரத்துக் காட்டுக்கு ஓடினாள்.

அடுத்த பஸ் நாலு மணிக்கு. வருசநாட்டுப் பக்கமிருந்து கரி ஏற்றி வந்த லாரியை ஜெபமணி நடுரோட்டில் நின்று மறித்தாள். வண்டியிலேயே பிரசவம் ஆகிவிடுமோ என்று டிரைவர் தயங்கினார். கெஞ்சிக் கேட்ட பிறகு கதவைத் திறந்தார். முன்னால் ஜெபமணியும் இருளம்மாளும், பின்னால் கரிமூட்டைமேல் கர்ணனும் பிள்ளையோடு பவுனுவும் ஏறிக்கொண்டார்கள்.

மழையில் ரோடு அரித்துக் கிடந்தது. கடமலைக்குண்டு தாண்டும்வரை இருளம்மாள் பேசிக்கொண்டு வந்தாள். மேல்வயிறு பிடிக்கிறது என்றாள். ஒருவேளை இதுவும் என் தப்பாக இருக்கட்டும் என்று ஜெபமணி வேண்டிக்கொண்டாள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், வேலை போனால் போகட்டும்.

கண்டமனூருக்கு முன்னால் இருளம்மாளின் பேச்சு நின்றது. கண் ஒரு பக்கமாகச் செருகியது. வாய் கோணி, உடம்பு பலகைபோல விறைத்து, பிறகு உதறத் தொடங்கியது. உதடு நீலம் பாரித்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். “நிறுத்தாதீக” என்று ஜெபமணி சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. அவள் குரல் அவ்வளவு சன்னமாக வந்தது. கையைக் காட்டி ஓட்டச் சொன்னாள். இருளம்மாளைப் பக்கவாட்டில் சாய்த்து, அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளாமலிருக்க முந்தானையைப் பல்லிடுக்கில் திணித்தாள். உதறல் அடங்கியபோது மூச்சே இல்லை. ஜெபமணி எண்ணத் தொடங்கினாள். பன்னிரண்டு எண்ணிய பிறகு கரகரவென்று ஒரு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்குமுன்பே சொன்னாள்: “ஆல்புமின் கெட்டியா இருக்கு சார். ஆசிட்டுக்கும் கலையல. வழியில ஒரு தடவை ஜன்னி வந்துருச்சு.” பிரஷர் நூற்றெண்பதுக்கு மேல் இருந்தது. ஊசி போட்டு, உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. உயிரோடு இருந்தது. தாய் மட்டும் கண் விழிக்கவில்லை.

குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. பவுனு தன் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். ஜெபமணியிடம் அவள் பேசவில்லை. கர்ணன் கரி அப்பிய சட்டையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் இருளம்மாள் விழித்தாள். ஜன்னல் வழியே வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது.

“ஏன் இம்புட்டு இருட்டா இருக்கு? வெளக்கப் போடச் சொல்லுங்க” என்றாள்.

கர்ணன் ஜெபமணியைப் பார்த்தான். அவள் இருளம்மாளின் கண்முன்னால் கையை அசைத்தாள். இமை ஆடவில்லை. மூளையில் வீக்கம் இருக்கும், பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும் என்றார் டாக்டர். கட்டாயம் திரும்பும் என்று அவர் சொல்லவில்லை.

அந்த இரண்டு நாளும் ஜெபமணி ஊர் திரும்பாமல் வார்டிலேயே இருந்தாள். இருளம்மாள் குழந்தையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். தலையில் முடி இருக்கிறதா, யார் சாடை என்று கேட்டாள். அழவில்லை. அவள் அழாதது எல்லோரையும் இன்னும் கலக்கியது. கர்ணன் ஒரே ஒரு முறை, “இவ பொழச்சுக்குவாளா நர்ஸம்மா, கண்ணு வருமா?” என்று கேட்டான். தெரியவில்லை என்று ஜெபமணி உள்ளதைச் சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் ஜன்னல் பக்கம் வெளிச்சமாகத் தெரிகிறது என்றாள் இருளம்மாள். மதியம் ஆள் அசைவது தெரிந்தது. சாயங்காலம் கர்ணனை உற்றுப் பார்த்து, ஏன் இப்படித் தாடியோடு இருக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டாள். அவன் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். பவுனு குழந்தையைக் கொண்டுவந்து அவள் கண் அருகே பிடித்தாள்.

ஜெபமணி வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.  கொஞ்ச நேரத்தில் பவுனு ஒரு டம்ளர் காப்பியோடு வந்து பக்கத்தில் வைத்தாள்.

“குடிங்க. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல நீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.