மங்களத்துக்குப் பின்

1983இல் நியூஜெர்ஸியில் ஒரு அமெரிக்க நாட்டுப்புற ஓபராவைப் பார்த்தோம். நாயகனை வெள்ளம் அடித்துப் போனதும் எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள்.

"மங்களம் பாடறாங்க. கிளம்பு ஜலஜா, பார்க்கிங்ல மாட்டிப்போம்" என்று என் கணவர் சந்தானம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். சபாக் கச்சேரிப் புத்தி. நாயகன் செத்தான் என்று நான் காரில் அழுதேன்.

இந்த வருடம் டல்லாஸில் அதே ஓபரா. அந்தப் பாட்டு முடிந்ததும் நாயகன் உயிரோடு வந்து நின்றான்!

"என்ன கூத்து இது?" என்றேன்.

"எழுதினவர் நீளமா எழுதினாராம். ஐம்பது வருஷமா கட் பண்ணியே போட்டாங்களாம். இப்பதான் ஃபுல்லா போடறாங்க" என்றார் சந்தானம், நிகழ்ச்சித் தாளைப் படித்துவிட்டு.

அன்று முடிவை வெட்டியது நாடகக்காரர்களா, பாதியில் இழுத்துவந்த இவரா?

கைதட்டல் ஓய்ந்தது. அரங்கத்தைப் பெருக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். சந்தானம் எழுந்திருக்கவில்லை.

"இரு, இன்னும் இருக்கும்."