மறுபடியும் வாசலிலிருந்து

தையல் ஓரிடத்தில் கோணினாலும் முழுதும் பிரித்துத் தைக்கிற கை அந்தத் தையற்காரிக்கு. பெற்ற மகளையும் அப்படித்தான் பழக்கினாள். மகளை வீட்டில் மிளகு என்பார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை; புது வீடு, புது முகம், கூச்சல் எதுவானாலும் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் தாங்குவாள். பள்ளியில் சேர்ந்த பிறகு முதன்முறையாக ஒருத்தி அவளைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தாள். இதில் சொதப்பினால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தாய்க்கு ஒரே பயம்.

வாரம் முழுக்க ஒத்திகை. மணி அடி, பரிசைக் கொடு, வாழ்த்துச் சொல், உட்கார், கைதட்டு. எங்கே தவறினாலும் பரிசை எடுத்துக்கொண்டு மறுபடியும் வாசலிலிருந்து.

பிறந்தநாள் பிள்ளையாக நடிக்க மெக்கானிக் தம்பிதான் கிடைத்தான். காகிதத் தொப்பியும் தானுமாக, பன்னில் குத்திய மெழுகுவத்தியைப் பார்த்து மேல்மூச்சு வாங்கினான்.

"ஐயோ, மாமாவால முடியல. நீயே ஊதிடுடி தங்கம்!"

மிளகு ஊதினாள்.

"டேய்! நான் என்ன சொல்லிக் கொடுக்கறேன், நீ என்ன பண்ற?"

"விடுக்கா, பிள்ள சிரிக்குது பாரு."

"சிரிக்கும், சிரிக்கும். அங்க வந்து முழிக்கப் போறது நான்தானே?"

அவள் அடுப்படிக்குப் போனபோதெல்லாம் அவன் அதையே செய்தான்.

விருந்தன்று மணி, பரிசு, வாழ்த்து எல்லாம் எண்ணெய் போட்டதுபோல் நடந்தன. பிறந்தநாள்காரி ரெட்டைச்சடை கேக்கின் முன் குனிந்தாள். மிளகு முந்திக்கொண்டு அத்தனை திரியையும் ஒரே ஊதில் அணைத்தாள்.

ரெட்டைச்சடைக்கு உதடு பிதுங்கியது. தவறென்று மிளகுக்கும் புரிந்துவிட்டது. மேசையிலிருந்த தன் பரிசை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"கொடுத்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போறா பாருங்களேன்!" என்றாள் வந்திருந்த ஒரு பெண்மணி.

தையற்காரிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தம்பியைத் திட்டுவதா, பிரித்துப் பிரித்துத் தைத்த தன் கையைத் திட்டுவதா?

மணி அடித்தது.

"தப்புப் பண்ணா முதல்லேர்ந்து வரணும்னு நான்தாங்க பழக்கிட்டேன்..." என்று மென்று விழுங்கினாள். யாரும் அசையவில்லை. மணி விடாமல் அடித்தது.

ரெட்டைச்சடைதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள்.

"பிறந்தநாள் வாழ்த்துகள்." பரிசு நீண்டது.

"இப்ப நான்தான் ஊதுவேன்."

"சரி. எங்க மாமாவால முடியல. உன்னால முடியுமா?"

"ஏன் முடியாது? பாக்கறியா?"

மறுபடி ஏற்றினார்கள். ஊதினாள். மிளகு கைதட்டினாள். உடனே மற்ற வாண்டுகளும் தங்களுக்கும் ஒரு தடவை வேண்டுமென்று மேசையைச் சுற்றி வரிசை கட்டின. கேக் முழுக்க மெழுகு சொட்டியது. வீட்டுக்காரம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

இதற்குமேல் தாங்காது என்று தையற்காரி மகளின் கையைப் பிடித்தாள். "போதும்டி, கிளம்பு."

"இருங்க ஆன்ட்டி," என்று ரெட்டைச்சடை அதட்டினாள். "அவ முறை இன்னும் வரல."