ஓடாத வாய்க்கால்

காரைக்கால் பக்கம் மேலமடுவூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் கீழமடுவூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் நடுவே ஓடாமல் கிடந்த வாய்க்காலில் ஒரு எருமை இறங்கினால் கால் நனையாமல் அக்கரை போய்விடும். ஆகாயத்தாமரை அவ்வளவு கெட்டி. அங்கே பிறந்த கொசுக்கள் திருநள்ளாறு வரை பறந்து, சனிக்கிழமைக் கூட்டத்தில் வரிசையில் நிற்காமலே தரிசனம் முடித்துத் திரும்புவதாகப் பேச்சு. வாய்க்காலை யார் தூர் வாருவது என்பதுதான் வழக்கு. மாதம் பிறந்தால் போதும், மேலமடுவூர் ஓவர்சியர் அன்பழகன் இக்கரையிலும் கீழமடுவூர் ஓவர்சியர் வடிவாம்பாள் அக்கரையிலும் வந்து நின்று, நாரைகள் நாகூருக்குக் குடிபோகும்படி சண்டை போடுவார்கள்.

"தண்ணி உங்க பக்கந்தானே மேடம் சாயுது? நீங்கதான் வாரணும்."

"சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு வந்துட்டா நியாயம் உங்க பக்கம் ஆயிடுமா சார்?"

அந்தச் சட்டையை அன்பழகன் முதல் நாளே எடுத்து வைத்துவிடுவார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் வீட்டில் குரலை உயர்த்துவதற்கு மிக்சி ஒன்றுதான் மிச்சம். வடிவாம்பாளோ தம்பிகளுக்கெல்லாம் கல்யாணம் செய்துவைத்ததில் தன் கல்யாணத்தை மறந்துபோனவர். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு மாதமும் அன்பழகன் கிளம்புவார். வாய்க்காலைப் பற்றிக் கத்திவிட்டுத் திரும்புவார். போகட்டும், அடுத்த மாதம் இருக்கிறதே.

அடுத்த மாதம் இல்லாமல் போயிற்று. கொம்யூன்களை எல்லாம் கலைத்து ஒரே நிர்வாகமாக்கி உத்தரவு வந்தது. எல்லையே இல்லாத இடத்தில் எல்லைத் தகராறு ஏது? ஒரு ஓவர்சியர் போதும் என்று வடிவாம்பாளைப் புதுச்சேரிக்கு மாற்றிவிட்டார்கள்.

அங்கே அவருடைய கடைசி வேலைநாளன்று ஜேசிபி வந்தது. இத்தனை வருஷச் சண்டையை ஒரு டீ ஆறுவதற்குள் அள்ளி எறிந்துவிட்டது. வடிவாம்பாள் நிற்கும் கரையோரம் சேற்றுக்குள்ளிருந்து எல்லைக்கல் தலைகாட்டியது. அது அங்கே இருந்தால் வாய்க்கால் முழுவதும் மேலமடுவூருடையது, வழக்கே கிடையாது. வழக்குத் தீர்ந்தால் வடிவாம்பாள் வரமாட்டாரே என்று ஒரு மழைக்காலத்தில் அதைச் சேறு போட்டு மூடியவர் அன்பழகன்தான்.

"மேடம், இந்தக் கல்லு... எனக்கு முன்னாலயே..."

"தெரியும் சார். நான் வேலைக்கு வந்த வருஷமே பாத்துட்டேன்." வடிவாம்பாள் கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க போட்ட சேறு மழைக்கு நிக்கல. நாந்தான் வருஷாவருஷம் வந்து பூசிட்டுப் போவேன்."

அன்பழகன் வாயைத் திறந்தார். காரைக்காலில் உள்ள அத்தனை இயந்திரமும் சேர்ந்து முழங்கினாற்போல ஜேசிபி கத்தியது. நிற்கட்டும் என்று காத்தார், காத்தே பழகியவர். அது நின்றபோது அவர் வாயில் வந்தது இதுதான்:

"புதுச்சேரியில வெயில் ஜாஸ்தி மேடம்."

"இங்க மட்டும் பனியா கொட்டுது?"

சண்டைக்கு இடம் விட்டு ஒரு கணம் நின்றார் வடிவாம்பாள். அன்பழகன் சட்டையின் இஸ்திரி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். ஸ்கூட்டி கிளம்பியது.

இருபுறமும் கதிர் வாங்கிய வயல், நடுவே நேர்சாலை. வண்டியின் வலப்பக்க இண்டிகேட்டர் விளக்கு மஞ்சளாக மினுக்கிக்கொண்டே போயிற்று. எல்லையிலுள்ள பூவம் வரைக்கும் அந்தச் சாலையில் வலப்பக்கம் திரும்ப வழியே கிடையாது, வந்த வழியே திரும்பினால் தவிர.