வடத்தின் சாய்வு

கடலுக்குள் வலை எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதை நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை. கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். நூறு மீட்டர் வடம் விட்டால் வலை நூறு மீட்டர் ஆழத்தில் இருக்காது. கப்பல் நகர நகர வடம் பின்னால் சாயும். நேராகத் தொங்கும் நிலையிலிருந்து அது எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று கோணமானியை ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து பாகை என்றால் நூறு மீட்டர் வடத்துக்கு எழுபது மீட்டர் ஆழம். அறுபது என்றால் வெறும் ஐம்பதுதான்.

அந்த அக்டோபரில் சிம்போத்தே துறைமுகத்தை ஒட்டிய கடலில் கோணமானியைப் பிடித்தவள் நான். எங்கள் வேலை நெத்திலி முட்டை எண்ணுவது. மெல்லிய கண்ணியுள்ள வலையை எழுபது மீட்டர் வரை இறக்கி, மெதுவாக மேலே இழுத்து, அதில் சிக்கிய முட்டைகளை எண்ணுவோம். முட்டை குறைந்தால் கடலில் மீன் குறைவு என்று பொருள். மீன் குறைந்தால் அரசு மீன்பிடிப் பருவத்தைத் திறக்காது. கடல் சூடேறியதால் ஏற்கெனவே இரண்டு பருவங்கள் மூடிக் கிடந்தன.

எங்கள் கப்பலில் வடத்தை இறக்கி ஏற்றும் வின்ச் எந்திரத்தை ஓட்டிய பௌதிலியோவின் மகன் வில்மர் மீன்பிடி விசைப்படகில் வேலை செய்பவன். இந்தப் பருவமும் திறக்காவிட்டால் மலைப்பக்கத் தங்கச் சுரங்கத்துக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். போன வருடம் அங்கே போன அவன் மச்சான் நச்சுக்காற்றில் மூச்சுமுட்டிப் பிணமாகத் திரும்பினான்.

ஒன்பதாம் நாள் காலையில் காற்று நின்றது. அதற்குள் பதினெட்டு இடங்களில் வலை போட்டிருந்தோம். முட்டை இல்லையென்றே சொல்லலாம். அன்று கப்பல் அசையாமல் நிற்க, வடம் தூக்குக்குண்டு போல ஏறக்குறைய நேராகத் தொங்கியது. கோணமானி எண்பத்தைந்து காட்டியது.

ஐந்து காட்டியிருக்க வேண்டும்.

பழைய கோணமானி துறைமுகத்திலேயே உடைந்துபோனதால் கடைவீதியில் புதிது வாங்கியிருந்தேன். பழையதில் செங்குத்து பூஜ்யம். புதியதில் கிடைமட்டம் பூஜ்யம். நாற்பத்தைந்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகவே காட்டும். நான் சோதித்துப் பார்த்ததும் அந்த நாற்பத்தைந்தில்தான். பிறகு தினமும் தெற்குக் காற்று. வடம் அறுபது பாகை சாய்ந்திருக்க, கருவி முப்பது என்றது. முப்பதுக்கு எண்பத்தொரு மீட்டர் வடம் போதும் என்றது அட்டவணை. ஆக, எழுபது மீட்டர் போயிருக்க வேண்டிய வலை நாற்பதைத் தாண்டவேயில்லை.

இரண்டாம் நாளே பௌதிலியோ கேட்டிருந்தார்.

"இன்ஜினியரம்மா, வடம் துணி காயப்போடுற கொடி மாதிரி கிடக்கு. இதுவா முப்பது?"

"கருவி அப்படித்தான் சொல்லுது மேஸ்திரி. நீங்க டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டி எத்தனை வருஷமாச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஒன்பதாம் நாள் காலையிலேயே பயணத் தலைவர் ஆல்பானிடம் போய்த் தப்பைச் சொன்னேன்.

"பதினெட்டு இடமும் போச்சா, எதெல்மிரா?"

"போச்சு சார்."

"உன் வேலையும் போகும், தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் எதுக்கு சிரிக்கிற?"

நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மேல்தண்ணீர் சூடானால் நெத்திலி குளிர்ச்சி தேடிக் கீழே இறங்கும். முட்டையும் அங்கேயே இருக்கலாம், என் வலை எட்டிப் பார்க்காத அந்த முப்பது மீட்டருக்குள். நான் செய்த தப்பு இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

"அடிப்பாவி, என் கண்ணையா குறை சொன்ன?" என்று பௌதிலியோ என் தலையில் செல்லமாகத் தட்டினார். உடனே மேலே ஓடிப்போய் மகனிடம் போனில் பேசினார். "பஸ் டிக்கெட் எடுக்காதடா. ரெண்டு நாள் பொறு."

மீண்டும் வலை போட ஆறு இடங்களுக்குத்தான் எரிபொருள் மிச்சமிருந்தது. மறுநாள் காற்று திரும்பவும் எழுந்தது. அறுபது பாகைக்கு நூற்றுநாற்பது மீட்டர் வடம் விட்டோம். ஒவ்வொரு மீட்டரையும் பௌதிலியோ வாய்விட்டு எண்ணினார். வலை ஏறியதும் வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி, ஒட்டியிருந்ததை எல்லாம் வலையின் நுனியில் கட்டிய அடிக்குப்பிக்குள் இறக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.

மற்ற மீன்களின் முட்டை பெரும்பாலும் உருண்டை. நெத்திலியின் முட்டை அரிசிமணி போல நீளம். தேடுவது எளிது. முதல் குப்பியில் உருண்டைகள் மட்டுமே. இரண்டாவதில் ஒரு நீளம். ஆறு குப்பிகளும் முடிந்தபோது மொத்தம் மூன்று. நல்ல வருடத்தில் ஒரே குப்பியில் ஆயிரம் பார்த்திருக்கிறேன்.

வாசலில் நின்றிருந்த பௌதிலியோ என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தப்பு இருக்கும். பாரும்மா."

பார்த்தேன். வடத்தைத் தளத்தில் நீட்டி நாடா வைத்து அளந்தேன். ஓடிய வடத்தை எண்ணும் மீட்டர் சக்கரம் சரி. அட்டவணையைக் கையால் போட்டுப் பார்த்தேன், சரி. கோணமானியைத் தூக்குக்குண்டோடு ஒப்பிட்டேன்.

"எல்லாம் சரியா இருக்கு, மேஸ்திரி."

"அன்னிக்கும் அதைத்தானே சொன்ன?"

அவர் கண்ணெதிரில் இன்னொரு முறை எல்லாவற்றையும் அளந்தேன். சக்கரத்தின் எண்ணை அவரே குனிந்து படித்தார். பிறகு மேலே போனார்.

படிவத்தில் ஆழம் எழுபது என்று எழுதிக்கொண்டிருந்தபோது அவர் குரல் கீழே கேட்டது.

"வில்மர், டிக்கெட் எடுத்துக்கோ... ஆமா. மலை மேல குளிரும், கம்பளி எடுத்துட்டுப் போ."

முட்டை என்ற இடத்தில் மூன்று என்று எழுதினேன்.

"இல்லப்பா, அந்தப் பொண்ண திட்டாத. இந்தத் தடவ சரியாத்தான் அளந்துச்சு."