ராசிக்கண்

அட்டையில் வாத்து, குடை, பூ, வீடு என்று படங்கள் மேலிருந்து கீழே வரவரச் சிறுத்துக்கொண்டே போயின. அபிநயா அத்தனையையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கடைசி வரியில் கடுகளவு இருந்த மீனைக்கூட விடவில்லை. பக்கத்தில் நின்ற அப்பா வெற்றிவேலுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இதற்குப் போய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி கண் ஆஸ்பத்திரிக்கு நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தோமே என்று நினைத்தான். அங்கன்வாடியில் சோதனை செய்த டாக்டரம்மா, கண்ணைக் காட்டச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். பத்து நாளாக அவன் அதை அலமாரியில் போட்டு வைத்திருந்தான். மனைவி செவ்வந்தி தினமும் அதை எடுத்து அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

போட்டு வைத்ததற்குக் காரணம் உண்டு. அபிநயாவின் இடது கண்மணி எப்போதும் மூக்குப் பக்கம் ஒதுங்கியே இருக்கும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று ஊரே சொல்லும். அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது ஊர்க்காரர் தமிழ்வேந்தனின் கொல்லைக்காட்டில் மரவள்ளி நடவுக்கு முதல் குச்சியை விளையாட்டாக அவளை நடச் சொன்னார்கள். அந்த வருஷம் கிழங்கு தொடை தொடையாக விளைந்தது. அதோடு அவளுக்கு ராசிக்கண்ணு என்று பேர் வந்துவிட்டது. இப்போது மலையடிவாரத்தில் யார் கொல்லையில் நடவென்றாலும் முதல் குச்சி அவள்தான். கவுன் வாங்கித் தருவார்கள், பிஸ்கட் தருவார்கள். ஊரில் எல்லாரும் அவனை வெற்றிவேல் என்று கூப்பிடுவதை விட்டு ராசிக்கண்ணு அப்பா என்றார்கள். ராசியைக் கொண்டுபோய் யாராவது டாக்டரிடம் காட்டுவார்களா?

கண் பரிசோதிக்கும் செலினா சிஸ்டர் அபிநயாவின் இடது கண்ணைச் சின்னக் கரண்டி மாதிரி ஒன்றால் மறைத்தாள். அபிநயா மறுபடியும் வாத்து, குடை, பூ என்றாள். அடுத்து கரண்டி வலது கண்ணுக்குப் போனது. அபிநயா அதைத் தட்டிவிட்டாள்.

"ஏய், இன்னா அடம்?" என்று அதட்டினான் வெற்றிவேல்.

"திட்டாதீங்கண்ணா," என்றாள் செலினா. மறுபடி மறைத்தாள். "பாப்பா, மேல இன்னா படம் கீது, சொல்லு."

அபிநயா அவன் பக்கம் திரும்பினாள். உதடு பிதுங்கியது.

"படத்த ஏம்ப்பா எடுத்துட்டாங்க?"

மேல் வரியில் இருந்த வாத்து கையகலம் இருந்தது. வெற்றிவேல் அட்டையைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். அப்போதுதான் அதைக் கவனித்தான். வலது கண்ணை மறைத்ததும் இடது கண்மணி மூக்குப் பக்கத்திலிருந்து நகர்ந்து நடுவுக்கு வந்திருந்தது. செலினா கரண்டியை எடுத்ததும் பழைய இடத்துக்கே போய் ஒதுங்கிக்கொண்டது. அவள் பிறந்து ஐந்து வருஷத்தில் அந்தக் கண் ஒரு தடவைகூட அவனை நேராகப் பார்த்ததில்லை.

டாக்டர் மருந்து விட்டுப் பார்த்து, கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் செலினா கண்ணில் ஒட்டும் பிளாஸ்திரி ஒரு கட்டு கொடுத்தாள்.

"தெனம் ஆறு மணி நேரம் இத ஒட்டுங்க. வலது கண்ணுல."

"அது நல்ல கண்ணாச்சே சிஸ்டர்?"

"அதனாலதாண்ணா. நல்ல கண்ணே எல்லாத்தையும் பாத்துக்கினு போவுது. இந்தக் கண்ணு சொல்றத மூள காதுல போட்டுக்கறதே இல்ல. நல்லத மூடுனாத்தான் இது வேல கத்துக்கும். வயசு ஏற ஏறக் கஷ்டம். இப்பவே வந்தீங்க, பார்வ வர வாய்ப்பு ஜாஸ்தி. முழுசா வருமான்னு போவப்போவத்தான் தெரியும்."

"பாவம், நல்லத மூடுனா கண்ணு தெரியாதே அதுக்கு."

"தடவும், அழுவும். நீங்க கையப் புடிச்சிக் காட்டிடாதீங்க. அதுவே தேடணும்."

தடவும் என்ற சொல் அவனை விடவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மகளுக்குப் பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவன் டீ கிளாசுக்குக் கையை நீட்டினான். கிளாசைத் தொடும் முன்னாலேயே விரல்கள் வெறும் காற்றில் மூடிக்கொண்டன. மறுபடி நீட்டினான், கிளாசில் இடித்து டீ தளும்பியது. பக்கத்திலிருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். வெற்றிவேல் விரல் நுனியால் பெஞ்சைத் தொட்டு, அப்படியே நகர்த்திக்கொண்டு போய் கிளாசைப் பிடித்தான். பிடித்தவன் அசையாமல் உட்கார்ந்துவிட்டான்.

அபிநயா ஒவ்வொரு தடவையும் குச்சியை நடுவதற்கு முன்னால் குனிந்து மண்ணைத் தொடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே குழந்தை பூமியைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று சுற்றி நிற்பவர்களுக்குச் சிலிர்த்துப் போகும். அவர்களும் கைகூப்புவார்கள், அவனும் கூப்பியிருக்கிறான். அவள் கும்பிடவில்லை. குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று தெரியாமல் தடவியிருக்கிறாள்.

பஸ் கிளம்பும்போது தமிழ்வேந்தன் போன் செய்தார்.

"வெள்ளிக்கெழம காலையில நடவு. பாப்பாவ இட்டாந்துரு."

"கண்ணுல கட்டு போட்டுக்கீறாங்கண்ணா."

"எந்தக் கண்ணுல? ராசிக்கண்ணுலியா?"

"இல்லண்ணா, அடுத்த கண்ணுல."

"அப்ப இன்னாடா! வரட்டும்."

வெள்ளிக்கிழமை காலை, கண்ணாடி இன்னும் வந்திருக்கவில்லை, செவ்வந்திதான் பிளாஸ்திரியை ஒட்டினாள். அபிநயா அழுது, பிய்த்து, இரண்டாவது தடவை ஒட்டவேண்டியதாயிற்று. கொல்லையில் கல்வராயன் மலைப் பக்கமாக முதல் குழி போட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். தமிழ்வேந்தன் குச்சியைக் கொடுத்ததும் அபிநயா வழக்கம்போல் குனிந்து மண்ணைத் தொட்டாள். எல்லாரும் கைகூப்பினார்கள்.

அவள் விரல் குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"அப்பா, குழி எங்கப்பா?"

வெற்றிவேலுக்கு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துவிட வேண்டும் போலிருந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பக்கத்தில் செவ்வந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கதான் கீது கண்ணு. நீயே பாரு."

தமிழ்வேந்தன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். கூப்பிய கை தானாக இறங்கியது.

"டேய், கண்ணு நேரா ஆயிடுச்சேடா! ராசி இன்னாடா ஆவுறது?"

"ராசியில்லண்ணா," என்றான் வெற்றிவேல். "பாவம், அதுக்குக் கண்ணு தெரியலண்ணா. இத்தன நாளும் குழி எங்கன்னு தெரியாமதான் தடவிக்கினு இருந்துச்சு."

அபிநயா மண்ணில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். பிளாஸ்திரிக்கு இந்தப் பக்கம் அந்த இடது கண் நடுவில் நின்று, இமைக்காமல் தேடியது. விரல் முதலில் வரப்புப் பக்கம் போனது, நின்றது, திரும்பியது. பிறகு மெல்ல மலைப் பக்கமாக நகர ஆரம்பித்தது. குழி இருந்ததும் அந்தப் பக்கம்தான்.